அலுமாரியில் கிடந்த கனடாக் கோட்டை வீட்டிலேயே தோய்க்கலாமா?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் ரொறன்ரோவிலிருந்து வந்த மகள், தன் குளிர்கால உடுப்புகளை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்: நீளமான கம்பளிக் கோட் ஒன்று, உப்பலான ஜக்கெட் ஒன்று. வருகிற கார்த்திகையில் மகளுக்குப் பிள்ளைப்பேறு. துணைக்கு அம்மா போகிறார். அலுமாரியைத் திறந்தால் பூஞ்சண மணம், கோட்டின் கீழ்க்கரையில் வெள்ளைப் படிவு. "வோஷிங் மெஷினில் போடலாமா, கொழும்புக்கு டிரை கிளீனிங்குக்கு அனுப்பத்தான் வேண்டுமா? திரும்ப மடித்து வைக்கும்போது அந்துருண்டை போட்டால் போதுமா?" என்று கேட்கிறார்.

அம்மா, நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஆடி மாதம், கச்சான் வீசுகிறது. இந்தக் காற்று நிற்பதற்குள் வேலையை முடித்துவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் இப்படியான தடித்த உடுப்பு உள்வரை காயாது. எங்கள் ஊரில் இவற்றைத் தோய்ப்பதைவிடக் காயவைப்பதுதான் பெரிய வேலை.

முதலில் அந்த வெள்ளைப் படிவு என்னவென்று பார்ப்போம். எல்லாமே பூஞ்சணமாக இருக்காது. ரொறன்ரோவில் பனி உறைந்து வழுக்காமல் இருக்க வீதிகளில் உப்புப் போடுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் தெறித்து நீளக் கோட்டின் கீழ்க்கரையில்தான் காய்ந்துபோயிருக்கும். ஈரத்துணியால் ஒற்றிப் பாருங்கள். கரைந்து போய்விட்டால் உப்பு. மணம் அப்படியே நின்று, சில நாளில் திரும்பவும் தெரிந்தால் பூஞ்சணம். உங்கள் கோட்டில் இரண்டும் இருக்கலாம், ஏனென்றால் ஒன்று மற்றதை அழைத்து வரும். மாரி காலத்தில் சமையலறை உப்புப் போத்தல் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு ஈரத்தை இழுத்துத் தானாகவே கசியும். கோட்டில் படிந்த உப்பும் அதையேதான் செய்கிறது. அந்த ஈரத்தில் பூஞ்சணம் வளர்கிறது. அதனால் உப்பை எடுக்காமல் பூஞ்சணத்தோடு மட்டும் போராடிப் பலனில்லை.

வெள்ளை வினாகிரி ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. வெள்ளைப் பருத்தித் துணியை இதில் நனைத்துப் பிழிந்து, படிவின் மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் அதேபோல் ஒற்றுங்கள். சாயம் போகிறதா என்று உள்மடிப்பில் ஒரு மூலையில் முதலே பார்த்துக்கொள்ளுங்கள். பூஞ்சணம் இருக்கும் இடத்தை முற்றத்துக்குக் கொண்டுபோய், மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். வீட்டுக்குள் தட்டினால் அந்தத் தூள் மற்ற உடுப்புகளுக்கும் போகும்.

சரி, இனித் தோய்ப்பது. உள்பக்கத் தையலில் இருக்கும் சிறு லேபலைத் தேடுங்கள். தண்ணீர்த் தொட்டி படத்துக்கு மேல் குறுக்குக் கோடுகள் போட்டிருந்தால் தோய்க்கக்கூடாது. தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மட்டும். 30 என்று இருந்தால் அதுதான் தண்ணீரின் உச்சச் சூடு.

கம்பளிக் கோட்டில் தோள்பட்டைத் திண்டும் உள்துணியும் இருந்தால், லேபல் கிழிந்துபோயிருந்தாலும் தண்ணீரில் அமுக்க வேண்டாம். முன்பக்கம் விறைப்பாக நிற்பதற்காக உள்ளே பெரும்பாலும் ஒரு துணியைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். நனைந்தால் அது கழன்று கொப்பளம் கொப்பளமாக எழும்பும். பிறகு எந்தத் தையற்காரராலும் அதைச் சரிசெய்ய முடியாது. மேலே சொன்னபடி ஒற்றி, தூரிகை போட்டு, நிழலில் நாலைந்து நாள் காற்றாடவிட்டால் பெரும்பாலும் போதும். உள்துணி வரை பூஞ்சணம் ஏறியிருந்தால் மட்டும் கொழும்புக்கு அனுப்புங்கள். கறை இருக்கும் இடங்களைச் சொல்லிக் கொடுங்கள். திரும்பி வந்தவுடன் பொலித்தீன் உறையைக் கழற்றி, கரைப்பான் மணம் போகும்வரை வெளியில் தொங்கவிடுங்கள்.

உப்பலான ஜக்கெட்டைப் பெரும்பாலும் வீட்டிலேயே தோய்க்கலாம். அழுத்திப் பாருங்கள். சின்னச் சின்னக் காம்பு குத்தினால் உள்ளே இருப்பது வாத்துத் தூவி, இல்லையென்றால் பொலியெஸ்டர் பஞ்சாக இருக்கலாம். லேபலிலும் எழுதியிருக்கும். கம்பளியும் தூவியும் எங்கள் தலைமுடி போலப் புரதத்தால் ஆனவை. ஆகவே கட்டிச் சவர்க்காரம் வேண்டாம், அதன் காரம் கூடாது. கறைநீக்கும் நொதியம் சேர்த்த தூளும் வேண்டாம், அது புரதத்தையே அரிக்கும். குளோரின் வெளுப்பானைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். குழந்தை ஷாம்பு கொஞ்சம் போதும். துணி மென்மையாக்கியும் தேவையில்லை. அது தூவியின் உப்பலையும் மேல்துணி தண்ணீரை உதறும் தன்மையையும் கெடுக்கும்.

மெஷின் முன்கதவு வைத்ததென்றால் மென்மையான சுற்றில் போடலாம். மேலே திறந்து நடுவில் தண்டு சுழலும் மெஷினில் வேண்டாம், ஜக்கெட் மிதந்து சிக்கிக் கிழியும். பெரிய பேசினில் கையால் அமுக்கி அமுக்கித் தோய்ப்பது இன்னும் நல்லது. தண்ணீர் குளிராகவே இருக்கட்டும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் சூடு கூடிய கிணற்றுத் தண்ணீர் எங்கள் உடம்புக்கு இதம், ஆனால் இந்த உடுப்புகளுக்கு அந்தச் சூடும் கூடுதல். உங்கள் கிணற்றுத் தண்ணீர் உவரென்றால் கடைசி இரண்டு அலசலுக்காவது நல்ல தண்ணீர் எடுங்கள். இல்லாவிட்டால் எடுத்த உப்பைத் திரும்பவும் ஏற்றியதாகிவிடும்.

முறுக்கிப் பிழியவே கூடாது. தடித்த துவாயில் வைத்துச் சுருட்டி அமத்துங்கள். நனைந்த ஜக்கெட்டைக் கொடியில் போட்டால் தூவி முழுக்கக் கீழே இறங்கிக் கட்டிபட்டுவிடும். நிழலில், காற்றுப் படும் இடத்தில், கதிரை இரண்டைச் சேர்த்து அதன் மேல் விரியுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டி, கட்டியான இடங்களை விரலால் பிரித்து, உதறிவிடுங்கள். இரவில் உள்ளே எடுத்து ஃபான் போடுங்கள். கச்சானிலும் இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சியும் தொட்டால் காய்ந்ததுபோலவே இருக்கும். கையை நம்பாதீர்கள். காய்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் இரண்டு நாள் விடுங்கள்.

அந்துருண்டை பற்றிக் கேட்டீர்கள். இதில் தயவுசெய்து நான் சொல்வதைக் கேளுங்கள், வேண்டாம். அது பூச்சிக்குத்தான், பூஞ்சணத்தைத் தடுக்காது. நீங்கள் போவதோ பச்சைக் குழந்தை உள்ள வீட்டுக்கு. சில குழந்தைகளின் இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதியம் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அந்துருண்டை மணம் ஏறிய உடுப்பிலிருந்து வரும் நப்தலீன், அப்படிப்பட்ட குழந்தைகளின் செங்குருதிக் கலங்களை உடைத்துக் கடுமையான மஞ்சள்காமாலையை உண்டாக்கும். பிறந்த குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று பார்த்துத் தெரியாது. ஏற்கெனவே அலுமாரியில் உருண்டை கிடந்தால் எடுத்துவிடுங்கள். அந்த மணம் முற்றாகப் போகும்வரை கோட்டைக் காற்றாடவிடுங்கள்.

கம்பளியை அரிப்பது அந்துப் பூச்சியின் புழு. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட இடம் அதற்கு விருப்பம், அதனால் சுத்தமாக வைப்பதே பெரிய காவல். ஓட்டை ஏதும் கண்டால், நன்றாகக் காய்ந்த கோட்டைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டி டீப் ஃபிரீசரில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்தவுடன் அவிழ்க்க வேண்டாம், குளிர் முழுக்கப் போன பிறகு அவிழுங்கள். முதலே அவிழ்த்தால் துணியில் நீர் வியர்க்கும்.

பயணம் வரை அகலமான கொழுவியில் தொங்கவிட்டு, பழைய வேட்டியால் மூடிவையுங்கள். பொலித்தீன் உறை வேண்டாம். அலுமாரி வெளிச்சுவரோடு ஒட்டியிருந்தால் நாலு விரல் தள்ளி வையுங்கள். மழை நாளில் கதவைத் திறந்து காற்றுப் பிடிக்க வேண்டாம், வெயில் நாளில் திறவுங்கள். காற்றை உறிஞ்சி எடுக்கும் பைகளை விமானப் பயணத்துக்கு மட்டும் பாவியுங்கள். தூவி ஜக்கெட்டை மாதக்கணக்கில் அதில் அமத்தி வைத்தால் உப்பல் திரும்பாது. ரொறன்ரோ போய்ச் சேர்ந்த அன்றைக்கே வெளியில் எடுத்து உதறித் தொங்கவிடுங்கள். மகள் வீட்டில் உடுப்பு உலர்த்தும் மெஷின் இருந்தால், சுத்தமான டெனிஸ் பந்து இரண்டோடு சேர்த்துக் குறைந்த சூட்டில் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். இங்கே கையால் பிரிக்க முடியாத கட்டி ஏதும் இருந்தால் அங்கே பிரிந்துவிடும்.