ஈசிஇ-யா, ஒளிக்கலையா? ஓர் அப்பாவுக்குப் பதில்

வணக்கம் சார்.

இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கும் மகள், ப்ளஸ் டூ முடித்ததும் இன்ஜினியரிங் வேண்டாம், ‘இன்டராக்டிவ் லைட் ஆர்ட்’ (பார்ப்பவரின் அசைவுக்கும் குரலுக்கும் ஏற்ப மாறும் ஒளிக்கலை) தான் படிப்பேன் என்கிறாள். படம் வரைந்து எப்படிப் பிழைப்பாள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், இது படம் வரைகிற வேலையே இல்லை.

2019 நவம்பரில் அமெரிக்காவின் எல் பாசோவிலும் அதை ஒட்டிய மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸிலும் ராட்சத சர்ச்லைட்டுகளை நிறுத்தினார் ரஃபேல் லோசானோ-ஹெம்மர் என்ற கலைஞர். ஒருவர் பெரிய டயலைத் திருப்பத் திருப்ப, அவருடைய ஒளிக்கற்றை வானத்தில் நகரும். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கற்றையை அது வெட்டியதும் இருவருடைய மைக்கும் ஸ்பீக்கரும் இணைந்துவிடும். பேசப் பேச, குரலுக்கு ஏற்ப ஒளி கூடிக் குறையும். வேலியும் காவலும் பிரித்து வைத்த இரண்டு ஊர்க்காரர்கள், முகம் தெரியாமலே பேசிக்கொண்டார்கள். இதைச் செய்தவர் பட்டம் வாங்கியது வேதியியலில்!

அதனால் கலையா இன்ஜினியரிங்கா என்று வீட்டில் சண்டையே வேண்டாம். சர்க்யூட்டும் புரோகிராமிங்கும் அவளுக்குப் பிடிக்கும் என்றால் நான் ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) பக்கம்தான் சாய்வேன். முடித்த பிறகு சீட் (CEED) என்ற முதுநிலை டிசைன் நுழைவுத்தேர்வு எழுதி, ஐஐடி பம்பாயில் இன்டராக்‌ஷன் டிசைனில் எம்.டெஸ். என்ற முதுநிலைப் பட்டம் படிக்கலாம். அகமதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தனி நுழைவுத்தேர்வு உண்டு. இப்போதே டிசைன்தான் என்றால், இளநிலை டிசைன் படிப்புக்கான யூசீட் (UCEED) நுழைவுத்தேர்வு எழுதட்டும். ப்ளஸ் டூவில் எந்த குரூப் எடுத்தவரும் எழுதலாம்.

வருமானத்தைப் பற்றி மறைக்க மாட்டேன். கண்காட்சிக்கூடத்தை மட்டும் நம்பி மாதச் சம்பளம் வராது. அருங்காட்சியக வடிவமைப்பு, கட்டட ஒளியமைப்பு, மேடை நிகழ்ச்சிகள், செயலி வடிவமைப்பு என்று இதே திறமைக்கு வேலை தரும் இடங்கள் பல. பெரும்பாலானோர் அதையும் கலையையும் சேர்த்தேதான் செய்கிறார்கள்.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு ஈஎஸ்பி32 போர்டும் (புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன கணினிப் பலகை), ஒவ்வொன்றையும் தனித்தனியாக எரிய வைக்கக்கூடிய 60 எல்இடி உள்ள ஸ்ட்ரிப்பும் வாங்கித் தாருங்கள். முழு வெள்ளையில் ஒரு எல்இடி ஏறக்குறைய 60 மில்லியாம்ப் இழுக்கும். அறுபதும் சேர்ந்தால் 3.6 ஆம்ப். லேப்டாப்பின் யுஎஸ்பி அதைத் தாங்காது. மின்னழுத்தம் குறைந்து, ஸ்ட்ரிப்பின் கடைசியில் வெள்ளை நிறம் மஞ்சளடிக்கும். தனி பவர் சப்ளை ஏன் வேண்டும் என்று அங்கேதான் அவளுக்குப் புரியும். அப்புறம் அதை மாடிப்படியில் மாட்டி, ஆள் நடந்தால் ஒளி கூடவே வருகிற மாதிரி செய்யட்டும். பக்கத்து வீட்டுப் பாட்டி கண்டுகொள்ளாமல் போய்விட்டால், ‘அவருக்கு ரசனை இல்லை’ என்கிறாளா, ‘எங்கே மாற்ற வேண்டும்’ என்று யோசிக்கிறாளா? நீங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

யூசீட் தேர்வு ஜனவரியில் நடக்கும், விண்ணப்பம் சில மாதங்கள் முன்பே தொடங்கிவிடும். அதற்குள் அவளையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை வாருங்கள். அவள் செய்ததை நானும் பார்க்க வேண்டும்.