பட்டன் வைத்த போனில் பிழை வராதா?

கேள்வி: டச் போனில் தட்டித் தட்டி என் எழுத்தே கெட்டுவிட்டது. கணினியில் பழகிய தமிழ்99 கீபோர்டு முறையில்தான் போனிலும் தட்டுகிறேன்; ஆனாலும் வரிக்கு ஒரு பிழை. நாகர்கோவிலில் ஒரு கடையில் பழைய பிளாக்பெர்ரி கீ2 ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. திரைக்குக் கீழே நிஜமான கீபோர்டு. அதை வாங்கிவிட்டால் என் பள்ளிக்கூட நினைவுகளைப் பிழையில்லாமல் எழுதி உங்களுக்கே அனுப்பலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். விரைவில் பதில் தேவை.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், குழித்துறை

பதில்: சார், மேலே அச்சாகியிருப்பது நாங்கள் திருத்திய கேள்வி. நீங்கள் அனுப்பியதில் ‘விரைவில் மதில் தேவை’ என்று இருந்தது. ‘விர்ப்பனைக்கு வந்திருக்கிறது’ என்றும் இருந்தது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதி போன் மேல் பழி போடுகிறீர்கள். அங்கேதான் எனக்கு உங்களோடு தகராறு.

‘மதில்’ கண்ணாடித் திரையின் குற்றம், ஒப்புக்கொள்கிறேன். தமிழ்99இல் ப, ம இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. பெருவிரல் ஒரு நூல் தள்ளி விழுந்தாலும் பதில் மதிலாகிவிடும். பட்டனாக இருந்தால் விளிம்பு விரலுக்குத் தெரியும், தப்பு நடப்பதற்கு முன்பே கை உணர்ந்துவிடும். ‘விர்ப்பனை’ அப்படி இல்லை. ர கீழ் வரிசையில் இருக்கிறது, ற மேல் வரிசையில். நடுவே ஒரு வரிசை முழுசாகக் கிடக்கிறது. அவ்வளவு தூரம் எந்த விரலும் வழுக்காது சார். அந்தப் பிழை எந்த போனை வாங்கினாலும் உங்கள் கூடவே வரும்.

சரி, கடையில் இருக்கும் போனுக்கு வருவோம். கீ2 வந்தது 2018இல். அன்றைக்கு இந்தியாவில் 42,990 ரூபாய். பெயர்தான் பிளாக்பெர்ரி, உரிமம் வாங்கி உருவாக்கியது டிசிஎல் நிறுவனம். அந்த உரிமமும் 2020 ஆகஸ்ட்டோடு முடிந்தது. ஆண்ட்ராய்டு 8.1க்கு மேல் அந்த போன் ஏறவில்லை, பாதுகாப்பு அப்டேட்டும் இனி கிடையாது. பென்ஷன் வரும் கணக்கை இப்படி ஒரு போனில் திறந்து வைக்காதீர்கள். இன்னும் பழைய, பிளாக்பெர்ரியின் சொந்த மென்பொருளில் ஓடிய போனைக் காட்டி ‘இது இன்னும் சல்லிசு’ என்று கடைக்காரர் சொன்னால் கையிலேயே வாங்க வேண்டாம். 2022 ஜனவரி 4ஆம் தேதியோடு அவற்றுக்கான சேவைகளை நிறுத்திவிட்டார்கள். போன் கால் போகும் என்பதற்குக்கூட உத்தரவாதம் இல்லை.

புதிதாக இல்லையா என்பீர்கள். இருக்கிறது. யூனிஹெர்ட்ஸ் நிறுவனம் 2025இல் டைட்டன் 2 என்று ஒன்று கொண்டுவந்தது. சதுரத் திரை, அதன் கீழே கீபோர்டு. ஐபோனுக்கு உறை மாதிரி மாட்டிக்கொள்ளும் கிளிக்ஸ் கீபோர்டு 2024 முதல் வருகிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரி உங்கள் தலையில். ஒரு பட்டன் விழுந்துவிட்டால் வடசேரியில் எந்தக் கடைக்குக் கொண்டு போவீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

விலையை விடுங்கள். உங்கள் ஆசைக்கு முட்டுக்கட்டை வேறு இடத்தில் இருக்கிறது, அதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

தமிழ்99இல் எழுத்துக்கு மட்டும் 31 விசை வேண்டும்: உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. பிளாக்பெர்ரி வகைக் கீபோர்டில் எழுத்துப் பட்டன் 26தான், ஆங்கிலத்துக்கு அது போதும். கணினிக் கீபோர்டில் மீதி ஐந்து எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்று உங்கள் விரலுக்கே தெரியும். வலது ஓரத்தில் சதுர அடைப்புக்குறி இரண்டில் ச, ஞ; அரைப்புள்ளியில் ந; மேற்கோள் குறியில் ய; சாய்கோட்டில் ழ. போன் கீபோர்டில் இந்த ஐந்துக்கும் தனிப் பட்டன் கிடையாது. அந்தக் குறிகள் வேறு எழுத்துகளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் இன்னொரு பட்டனை அழுத்தி வரவழைக்க வேண்டும். அப்படி வரவழைத்தாலும் அதைத் தமிழ் எழுத்தாக மாற்ற உங்கள் செயலிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் குமரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தக்கலை, தோவாளை, திருவட்டாறு, விளவங்கோடு எல்லாம் 26 பட்டனுக்குள் அடங்கிவிடும். மார்த்தாண்டத்துக்கும் கவலையில்லை. நாகர்கோவில் ந இல்லாமல் முதல் எழுத்திலேயே நிற்கும். குளச்சலுக்குச் ச இல்லை, கன்னியாகுமரிக்கு ய இல்லை. உங்கள் குழித்துறைக்கு ழ இல்லை. பாலத்தைத் தாண்டி மார்த்தாண்டத்தில் குடியேறினால் ஒருவேளை சமாளிக்கலாம்!

கண்ணாடியை நாம் எவ்வளவு திட்டினாலும், 31 எழுத்து வேண்டுமென்றால் 31 கட்டம் வரைந்து காட்ட அதனால் முடிகிறது. தமிழ்99 தரமாக ஏற்கப்பட்டது 1999இல். பிளாக்பெர்ரி என்ற பெயரில் முதல் கையடக்கக் கருவி வந்ததும் அதே 1999இல்தான். ஒன்று தமிழை நினைத்துச் செய்தது, மற்றது ஆங்கில மின்னஞ்சலை நினைத்துச் செய்தது. இந்த இரண்டையும்தான் நீங்கள் ஒரே போனில் சேர்த்து வைக்கப் பார்க்கிறீர்கள்.

‘அம்மா’ என்று ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குகிற உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் குறை தெரியாது. 26 எழுத்தும் ஷிப்ட் பட்டனும் இருந்தால் அவர்கள் வேலை நடந்துவிடும். ஆனால் இத்தனை வருஷம் தமிழ்99இல் பழகிய கையை இப்போது அதற்குத் திருப்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதுவும் ஒரு போனுக்காக.

பட்டன் கீபோர்டே வெட்டி என்று நான் சொன்னதாக நினைக்க வேண்டாம். நம் மாவட்டம் இரண்டு பருவமழையும் பார்க்கிற மாவட்டம். டச் திரை விரலின் மின்னூட்டத்தை வைத்து வேலை செய்கிறது. மேலே நீர்த்துளி விழுந்தால் அதையும் விரல் என்று எண்ணிக்கொண்டு தாறுமாறாக எழுதும். குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்தில் நிற்பவருக்கும் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மீன் ஏலம் பார்ப்பவருக்கும் இது தினப்படித் தொல்லை. பட்டனுக்கு ஈரம் ஒரு பொருட்டில்லை. (இருந்தாலும் ஈரக் கையோடு நிற்கிற யாரும் இங்கே எதையும் தட்டுவதில்லை, வாய்ஸ் மெசேஜ்தான். அதைக் கேட்டு எழுத்தில் பெயர்ப்பது என் தலைவிதி.) அப்புறம், கண்ணாடிக் கீபோர்டு எழும்பினால் திரையில் கிட்டத்தட்ட பாதியை விழுங்கிவிடும், மேலே என்ன எழுதினோம் என்பதே மறைந்துவிடும். கீ2இல் அந்தத் தொல்லை இல்லை. பட்டன்கள் மேலேயே விரலை ஓட்டிப் பக்கத்தை நகர்த்தவும் செய்யலாம். பார்வையற்ற ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறு. பார்க்காமல் தட்ட முடிவது அவருக்கு வசதி மட்டுமல்ல, தேவை. பட்டன் போன் காலத்தில் மேசைக்கு அடியில் வைத்துப் பார்க்காமலே மெசேஜ் அடித்த பிள்ளைகளிடமிருந்து நீங்களே எத்தனை போன் பிடுங்கியிருப்பீர்கள்!

நீங்கள் நாலு பக்கம், பத்துப் பக்கம் நினைவு எழுதப் போகிறவர். அதற்குப் பெருவிரல் இரண்டு போதாது. இருக்கிற போனையே வைத்துக்கொண்டு ஒரு சின்ன புளூடூத் கீபோர்டு வாங்குங்கள். வலது ஓரத்தில் நான் சொன்ன ஐந்து விசையும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். சின்னதாக்குகிறேன் பேர்வழி என்று சிலதில் அவற்றையும் வெட்டிவிடுகிறார்கள். உங்கள் தமிழ்ச் செயலி வெளிக் கீபோர்டை ஏற்கிறதா என்பதைக் கடையிலேயே இணைத்து, ‘குழித்துறை’ என்று அடித்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். செயலி திரையில் தட்டுவதை மட்டும் கவனிக்கிற வகையாக இருந்தால் கீபோர்டில் தட்டத் தட்ட ஆங்கிலமே வரும். அப்படியானால் செயலியை மாற்றுங்கள், கீபோர்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். வீட்டில் கணினி இன்னும் ஓடுகிறது என்றால் இந்தச் செலவும் மிச்சம்.

ர, ற சந்தேகத்துக்கு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாத்தியாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ‘விர்ப்பனை’யைப் பார்த்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பள்ளிக்கூட நினைவுகளை மாதக் கடைசிக்குள் அனுப்பிவையுங்கள். தாளில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்ப வேண்டாம், தட்டிய எழுத்தாகவே வரட்டும். போட்டோ வந்தால் அதைப் பார்த்து மறுபடி முழுக்கத் தட்ட வேண்டியது இங்கே நான்தான்.