எத்தனையாம் நாள் எடுத்த மாதிரி?

கேள்வி: கொரோனாவின் டெல்டா அலையில் என் அண்ணன் மருத்துவமனையில் இருந்தார். மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்துச் செய்யும் பி.சி.ஆர். சோதனையின் அறிக்கையில் அவருக்கு சி.டி. எண் 29, பக்கத்துப் படுக்கைக்காரருக்கு 18. ஆனால் ஆக்சிஜன் தேவைப்பட்டது அண்ணனுக்குத்தான். மற்றவர் நான்காம் நாளே வீடு திரும்பிவிட்டார். எண் குறைந்தால் வைரஸ் அதிகம் என்கிறார்களே, அம்மா?

பதில்: சரியாகத்தான் சொல்கிறார்கள். பி.சி.ஆர். எந்திரம் ஒவ்வொரு சுற்றிலும் வைரஸின் மரபுப்பொருளை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும். எத்தனையாவது சுற்றில் அது எந்திரத்தின் கண்ணில் படுகிறதோ, அதுவே சி.டி. உங்கள் இரு எண்களுக்கும் இடையே 11 சுற்றுகள். 11 முறை இரட்டித்தால் 2048. காகிதக் கணக்கில், பக்கத்துப் படுக்கைக்காரரின் மூக்கில் இரண்டாயிரம் மடங்கு வைரஸ்.

ஆனால் கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். காய்ச்சல் கண்ட எத்தனையாம் நாள் அண்ணனுக்கு மாதிரி எடுத்தார்கள்? மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் உச்சத்தில் இருப்பது அறிகுறி தொடங்கும் நாட்களை ஒட்டித்தான். மூச்சுத்திணறலோ பெரும்பாலும் ஒரு வாரம் கழித்து வருகிறது. அதற்குள் மூக்கில் வைரஸ் வடியத் தொடங்கியிருக்கும். நுரையீரலைப் படுத்துவது பெரிதும் உடலின் சொந்த அழற்சி. ஒருவர் இரண்டாம் நாளிலும் இன்னொருவர் பத்தாம் நாளிலும் வந்திருந்தால், அந்த எண்களை அருகருகே வைப்பதில் பொருளே இல்லை.

குச்சி பிடித்த கையும் கணக்கில் உண்டு. நான் ஆய்வகத்தில் இருந்தபோது ஒரு மருத்துவர் நள்ளிரவில் தொலைபேசியில் மகிழ்ந்தார்: “நேற்று 19, இன்று 27. மருந்து கேட்கிறது!” மாதிரி ஒழுங்காக எடுக்கப்பட்டதா என்று காட்ட, அதே மாதிரியில் மனித மரபணுவைத் தேடும் கட்டுப்பாட்டுச் சோதனை ஒன்று உண்டு; அதைத் திறந்து பார்த்தேன். அதுவும் ஏழு சுற்றுகள் தள்ளிப் போயிருந்தது. நோயாளியின் செல்களே குச்சியில் சரியாக ஒட்டவில்லை; மூக்கின் வாசலோடு திரும்பிவிட்டார்கள். மறுநாள் ஒழுங்காக எடுத்ததில் 20. அவர் பிறகு என்னை நள்ளிரவில் அழைக்கவில்லை.

கேள்வி: டெல்டாவுக்குப் பின் வந்த ஒமிக்ரான் திரிபு வேகமாகப் பரவியது மூக்கில் வைரஸ் அதிகம் இருந்ததால்தானே?

பதில்: டெல்டாவைப் பற்றிச் சொன்னால் ஓரளவு ஒப்புக்கொள்வேன். 2021இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் தனிமைப்படுத்தப்பட்டவர்களை நாள்தோறும் சோதித்தார்கள். முதன்முதலில் பாசிட்டிவ் வந்த நாளில் டெல்டாவின் அளவு, 2020இன் தொடக்ககால வைரஸைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு. முதல் நாளை முதல் நாளோடு ஒப்பிட்டதால் அந்தக் கணக்கை மதிக்கிறேன். ஒமிக்ரான் மூக்கில் டெல்டாவை மிஞ்சியதாகப் பல ஆய்வுகளில் தெரியவில்லை. நம்மிடம் ஏற்கெனவே இருந்த எதிர்ப்பாற்றலை அது ஏய்த்ததுதான் பெரிய காரணம். ஹாங்காங் ஆய்வகத்தில் மூச்சுக்குழாய்த் திசுவில் அது 24 மணி நேரத்தில் டெல்டாவைவிட 70 மடங்கு பெருகியது. நுரையீரல் திசுவில் மந்தமாகவே பெருகியது.

மருத்துவமனைக் கணக்குகளை இன்னும் ஐயத்தோடு படியுங்கள். டெல்டாவின்போது வார்டை நிரப்பியவர்கள் மூச்சுத்திணறலோடு வந்தவர்கள். ஒமிக்ரானின்போது எலும்பு முறிவுக்கும் பிரசவத்துக்கும் வந்து, வழக்கமான சோதனையில் சிக்கியவர்களும் பலர். இரண்டு வார்டுகளுக்கும் சராசரி போட்டு ‘இந்தத் திரிபுக்கு வைரஸ் இவ்வளவு’ என்று படம் வரைவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அலை ஏறும்போது சோதனைக்கு வருவோரில் புதிதாகத் தொற்றியவர்கள் அதிகம், சராசரி சி.டி. தானாகவே இறங்கும். வடியும்போது ஏறும். புதிய திரிபு ஏறும் அலையோடு வருவதால், அதன் சொந்தத் திறமை எவ்வளவு, அலையின் உபயம் எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல.

கேள்வி: மூன்று வாரமாகியும் கணவருக்கு பாசிட்டிவ், சி.டி. 34. எங்களுக்குத் தொற்றுமா?

பதில்: பி.சி.ஆர். உயிருள்ள வைரஸையும் அதன் உடைந்த துணுக்குகளையும் பிரித்தறியாது. உண்மை தெரிய வேண்டுமானால் உயர் பாதுகாப்பு ஆய்வகத்தில் செல்களில் வளர்த்துப் பார்க்க வேண்டும். லேசான நோய் கண்டவர்களின் மாதிரியில் பத்து நாளுக்குப் பிறகு அது வளர்வது அரிது. உறுப்பு மாற்றம், புற்றுநோய் போன்றவற்றுக்காக எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர் என்றால் கதை வேறு. மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.