விளையாட்டாகச் சொல்லலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஒரு கல்லூரியில், எச்ஐவி விழிப்புணர்வுக்கான மாணவர் அமைப்பான செஞ்சுருள் சங்கத்தின் பொறுப்பாசிரியை நான். ஆண்டுதோறும் பாலியல் நலம் பற்றிச் சொற்பொழிவு நடக்கும். மாணவர்கள் தலைகுனிந்து கேட்டுவிட்டுக் கலைந்துவிடுவார்கள். ஒரு கேள்வியும் வராது. இம்முறை விளையாட்டாக நடத்த விரும்புகிறேன். இவ்வளவு கனமான விஷயத்தை விளையாட்டாக்கலாமா என்று சக ஆசிரியர்கள் தயங்குகிறார்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள பேராசிரியருக்கு,

தயங்காமல் நடத்துங்கள். வகுப்பில் எழுந்து “எனக்கு ஒரு சந்தேகம்” என்று கேட்க இந்த விஷயத்தில் யாருக்கும் வாய் வராது. ஆட்டத்தைச் சாக்கிட்டு எதையும் கேட்டுவிடலாம். அந்த மறைப்புக்காகவே விளையாட்டு வேண்டும்.

உங்கள் ஊர் மஞ்சளே போதும். ஆளுக்கொரு எண்ணிட்ட கண்ணாடி டம்ளர் கொடுங்கள். ஓரிரண்டில் சுண்ணாம்புத் தெளிநீர், மற்றவற்றில் வெறும் தண்ணீர். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. சுற்றுக்கு ஒருவரோடு நீரைக் கலந்து பாதிப்பாதியாக ஊற்றிக்கொள்ள வேண்டும். சிலர் டம்ளருக்கு மட்டும் மூடி உண்டு, அவர்கள் கலப்பதில்லை. ஆணுறையின் வேலை அதுதான். கடைசியில் மஞ்சள் நீரை விட்டால் சுண்ணாம்பு சேர்ந்ததெல்லாம் ஆரத்தியாகச் சிவந்துவிடும். ஓரிரண்டு டம்ளரில் தொடங்கியது எத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்தது என்பதை அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். முகத்தைப் பார்த்து எச்ஐவியைக் கண்டுகொள்ள முடியாது, பரிசோதனைதான் சொல்லும் என்பதற்கு அதன்பின் உரை தேவையில்லை. (சுண்ணாம்பு நீர் கண்ணில் படக் கூடாது, யாரும் குடித்துவிடவும் கூடாது.)

எனக்குள்ள அச்சம் வேறு. சிவந்த டம்ளர்க்காரரைப் பார்த்து வகுப்பு சிரித்துவிட்டால் நீங்கள் கற்றுக்கொடுத்தது அவமானத்தை மட்டுமே. எனவே மஞ்சளை விடுவதற்கு முன் டம்ளர்களை மேசையில் சேர்த்துக் கலைத்து வையுங்கள். மதிப்பெண், பரிசு எதுவும் வேண்டாம். நாமக்கல் ஒரு காலத்தில் எச்ஐவி பாதிப்பு மிகுந்த மாவட்டம். நோயோடு சேர்ந்து வந்த ஏச்சுக்கு அஞ்சியே மருத்துவமனைப் பக்கம் போகாதவர்கள் நம் பகுதியில் இருந்தார்கள். அந்த வலி இன்னொரு தலைமுறைக்கு வேண்டாம்.

ஆட்டம் பாதி நேரம் போதும். மீதியில் பேச்சு நடக்கட்டும். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்திலிருந்து ஆலோசகர் ஒருவரை அழையுங்கள். அங்கே பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. தொற்றிய உடனே செய்யும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம், தொற்றியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும், எச்ஐவிக்கான கூட்டு மருந்தை அரசு 2004 முதல் இலவசமாகத் தருகிறது என்பதையெல்லாம் அவர் விளக்கட்டும். 1097 என்ற எச்ஐவி உதவி எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதி வையுங்கள். கூட்டத்தில் கேட்காதவர்கள் இரவில் அழைப்பார்கள்.

அன்புடன்