பாலித் தீவில் யார் யாரை மாற்றினார்கள்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சுற்றுலாவின் வழியே பண்பாடுகள் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று கேட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்தோனேசியாவின் பாலித் தீவைப் பற்றியே இருந்ததால், இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: உலுவாத்து கோயிலருகே கெச்சாக் நடனம் பார்த்தோம். பல நூற்றாண்டுப் பழமையான சடங்கு என்று வழிகாட்டி சொன்னார். ஆனால், அதை உருவாக்கியவர் ஒரு வெள்ளைக்காரர் என்று பிறகு படித்தேன். எது உண்மை? (வாசகி, கும்பகோணம்)

வழிகாட்டி சொன்னது, நீங்கள் படித்தது இரண்டிலுமே பாதி உண்மைதான் இருக்கிறது. நீங்கள் பார்த்த காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இடுப்பில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணியைக் கட்டிய ஆண்கள், நடுவில் எரியும் விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாக அமர்ந்து, ஒரு வாத்தியமும் இல்லாமல் ‘சக், சக்’ என்று குரலாலேயே தாளத்தை எழுப்புகிறார்கள். ஒரு பகுதியினர் விடும் இடைவெளியை இன்னொரு பகுதியினர் நிரப்புவதால் அந்த ஒலி அறுபடுவதே இல்லை. இந்தக் குரல் பழையது. ஊரில் கொள்ளைநோய் பரவும் காலங்களில் சிறுமிகளுக்கு அருள் வரவழைத்து ஆடச்செய்யும் சாங்ஹியாங் என்னும் சடங்கில் ஆண்கள் குழுவாக இப்படிக் குரலெழுப்புவது வழக்கம். ஆனால், விளக்கைச் சுற்றிய வட்டமும் சீதையும் அனுமனும் கொண்ட இன்றைய நிகழ்ச்சி 1930களில்தான் உருப்பெறத் தொடங்கியது. உபுத்தில் வாழ்ந்த ஜெர்மானிய ஓவியர் வால்டர் ஷ்பீஸும் பெடுலு என்னும் ஊரைச் சேர்ந்த ஆட்டக்கலைஞர் வயான் லிம்பாக்கும் அந்தக் குரலைச் சடங்கிலிருந்து பிரித்து, ராமாயணக் கதையோடு இணைத்து, வெளியூர்ப் பார்வையாளருக்கு உரிய நிகழ்ச்சியாக வளர்த்தெடுத்தார்கள்.

இதை வைத்துக் ‘கெச்சாக் வெள்ளைக்காரரின் படைப்பு’ என்று முடிவுகட்டுவதை நான் ஏற்கமாட்டேன். குரலும் தாளமும் ஆடும் உடலும் பாலிக்காரர்களுடையவை. லிம்பாக்கின் பெயரை விட்டுவிட்டு ஷ்பீஸின் பெயரை மட்டும் சொல்லும் பழக்கம் அவருக்கு இழைக்கப்படும் அநீதி. மேலும், பாலியின் கலைகள் பயணிகள் வந்துதான் மாறத் தொடங்கின என்பதும் சரியல்ல. டச்சுப் படைகள் 1906இல் பாடுங் அரசையும் 1908இல் குளுங்குங் அரசையும் தாக்கியபோது, அரச குடும்பத்தினர் வெள்ளாடை உடுத்தி, குறுவாளுடன் துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்து சென்று உயிர்விட்டனர். அரண்மனைகளின் செல்வாக்கு சரிந்த பிறகு இசைக் கருவிகள் ஊர்க் குழுக்களின் கைக்கு வந்தன. வடக்குப் பாலியில் 1915ஆம் ஆண்டையொட்டி, மின்னல் வேகத்தில் திரும்பும் ‘கெப்யார்’ என்னும் புதிய இசைப் பாணி எழுந்தது. அதற்காக, கமெலான் எனப்படும் பாலி வாத்தியக் குழுவின் பழைய அரண்மனைக் கருவிகளின் வெண்கலத்தையே உருக்கிப் புதிதாக வார்த்தார்கள். பயணிகளுக்கான பாலி ஹோட்டல் தென்பசாரில் 1928இல்தான் திறக்கப்பட்டது என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

கேள்வி: கோயிலில் ஆடவேண்டியதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு மேடையில் ஆடினால், அதன் புனிதம் போய்விடாதா? பாலிக்காரர்கள் இதைப் பற்றிக் கவலைப்படவில்லையா? (நடன ஆசிரியை, தஞ்சாவூர்)

மிகவும் கவலைப்பட்டார்கள். நாம் கற்றுக்கொள்ளவேண்டிய அளவுக்கு ஒழுங்காகவும் கவலைப்பட்டார்கள். 1969இல் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டு, பயணிகள் கூட்டமாக வரத் தொடங்கிய இரண்டே ஆண்டுகளில், அதாவது 1971இல், கலைஞர்களும் சமயப் பெரியவர்களும் அறிஞர்களும் தென்பசாரில் கூடி, எதைப் பயணிகள் முன் ஆடலாம், எதை ஆடக்கூடாது என்று விவாதித்தார்கள். அதன் விளைவாக நடனங்கள் மூன்றாக வகுக்கப்பட்டன: கோயிலின் உட்பிராகாரத்தில் வழிபாட்டின் அங்கமாக மட்டும் ஆடப்படுபவை ‘வாலி’, வழிபாட்டை ஒட்டி நடுப்பிராகாரத்தில் ஆடப்படுபவை ‘பெபாலி’, வெளியே எங்கும் யாருக்காகவும் ஆடத்தக்கவை ‘பாலி-பாலிஹான்’. 2015இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பாலி நடனங்களைச் சேர்த்தபோதும் இந்த மூன்று வகுப்புகளையே பின்பற்றியது.

வகுத்தது நடைமுறையில் அப்படியே நின்றதா என்றால், இல்லை. அங்கேதான் விஷயம் சுவையாகிறது. தெய்வங்களை வரவேற்கும் பெந்தெத் நடனத்தைப் பயணிகளை வரவேற்க ஆடுவது தகாது என்ற எண்ணம் எழுந்ததால், அதன் இடத்தில் பூத்தூவி வரவேற்கும் ‘பஞெம்பிராமா’ என்ற புதிய நடனத்தை இயற்றினார்கள். வெள்ளித் தட்டில் பூவேந்திய பெண்கள் ஆடும் அந்த நடனம் மக்களுக்கும் பிடித்துப்போய், சில ஆண்டுகளில் ஊர்க் கோயில் திருவிழாக்களிலும் ஆடப்படலாயிற்று. பயணிகளுக்கென்று செய்த ஒன்று தெய்வத்தின் முன்னிலைக்கே போய்ச் சேர்ந்தது. இதைச் சீரழிவு என்று நான் கருதவில்லை. தம் கோயிலுக்குள் எது வரலாம் என்பதை அந்த ஊர் மக்களே தீர்மானித்தார்கள். வெளியிலிருந்து எவரும் அதைத் திணிக்கவில்லை. பல ஊர்களில் பயணிகளுக்கான பாரோங் என்னும் முகமூடி ஆட்டத்துக்கு உருவேற்றப்படாத தனி முகமூடிகளைச் செய்துவைத்துக்கொண்டு, உருவேற்றிய முகமூடியைக் கோயிலிலேயே பாதுகாப்பதும் இத்தகைய தீர்மானந்தான்.

கேள்வி: பாலிக்கும் தமிழகத்துக்கும் பழைய தொடர்பு உண்டா? (வாசகர், புதுச்சேரி)

உங்கள் ஊரை வைத்தே பதில் சொல்லலாம். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்த, உட்புறத்தில் உருளையால் பதித்த வரிக்கோலம் கொண்ட மட்பாண்ட வகை, பாலியின் வடகரையிலுள்ள செம்பிரானிலும் தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தியக் கீழைக்கரையின் பண்டங்கள் அந்தக் கரைக்குப் போயிருக்கின்றன என்பதற்கு இது சான்று. ஆனால், பாலியின் சமயமும் இலக்கியமும் பெரும்பாலும் ஜாவா வழியாக வந்து, உள்ளூர் மூதாதையர் வழிபாட்டோடு கலந்து வளர்ந்தவை. எனவே அதை நம்முடைய நகல் என்று எண்ணிப் பெருமைப்படுவது பொருந்தாது. சதுரத் துளையிட்ட சீனச் செப்புக் காசுகள் இன்றும் அங்கே பூசைப் படையல்களில் இடம்பெறுகின்றன என்பதையும் மறக்கக்கூடாது.

கேள்வி: வெளியார் பாலியை மாற்றியதைப் பற்றியே பேசுகிறோம். பாலி வெளியாரை மாற்றியதுண்டா? (வாசகர், யாழ்ப்பாணம்)

உண்டு. கனடாவில் பிறந்த இசையமைப்பாளர் காலின் மக்ஃபீ, பாலி இசையின் கிராமபோன் தட்டுகளைக் கேட்டு மயங்கி, 1931இல் தீவுக்கு வந்து, 1930களின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். கமெலானின் அடுக்கடுக்கான தாளங்களை மேற்கத்திய வாத்தியக் குழுவுக்கு ஏற்ப அமைத்து அவர் 1936இல் எழுதிய ‘தாபு-தாபுஹான்’ அந்த மயக்கத்தின் விளைவு. பிரிட்டிஷ் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1956இல் பாலிக்கு வந்துபோன பிறகு, 1957இல் அரங்கேறிய தம் பாலே இசையில் கமெலானின் ஒலியைப் புகுத்தினார்.

இதற்கு மறுபக்கமாக ஒரு சிற்பத்தையும் சொல்லவேண்டும். வடக்குப் பாலியில் குபுதம்பஹான் என்ற ஊரில் மெதுவே காராங் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் ஒருவர் மிதிவண்டி ஓட்டிச் செல்வது போன்ற புடைப்புச் சிற்பம் உண்டு. 1904இல் மிதிவண்டியிலேயே தீவைச் சுற்றிவந்த டச்சு ஓவியர் நியூவென்காம்ப்தான் அவர் என்கிறார்கள். அருகே சென்று பாருங்கள்: வண்டியின் பின்சக்கரம் விரிந்த தாமரைப்பூவாகவே செதுக்கப்பட்டிருக்கிறது, வண்டியைச் சுற்றி இலையும் பூவும் படர்கின்றன. அந்நியர் ஒருவர், அவர் ஏறிவந்த இயந்திரம் இரண்டையும் தயக்கமின்றிக் கோயில் சுவரில் ஏற்றுக்கொண்ட அந்தச் சிற்பியின் தன்னம்பிக்கையை எண்ணி நான் வியக்கிறேன்.

கேள்வி: அப்படியென்றால் சுற்றுலாவால் பாலிக்குத் தீங்கே இல்லை என்கிறீர்களா? (விவசாயி, பொள்ளாச்சி)

தீங்கு உண்டு. ஆனால், எல்லோரும் தேடும் இடத்தில் அது இல்லை என்பதே என் எண்ணம். நடனம் கெட்டுப்போகிறதா என்று கவலைப்படுகிறவர்கள் மேடையைப் பார்க்கிறார்கள், பார்க்கவேண்டியது வயலை.

பாலியின் நெல்வயல்களுக்குத் தண்ணீர் விடுவது ‘சுபக்’ என்னும் உழவர் கூட்டமைப்பு. 9ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்துவரும் இந்த ஏற்பாட்டில், மலையோடையிலிருந்து சுரங்க வாய்க்கால் வழியாக வரும் தண்ணீர், குறுக்கே போட்ட மரக்கட்டையில் வெட்டிய பள்ளங்களில் பாய்ந்து, அவரவர் பங்குக்கு ஏற்பப் பிரியும். நம் ஏரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது போன்றதுதான் என்றாலும், அங்கே எந்தப் பகுதி எப்போது நாற்று நடவேண்டும், எப்போது வயலைக் காயவிடவேண்டும் என்பது தண்ணீர்க் கோயில்களில் கூடி முடிவுசெய்யப்படுகிறது. பல சுபக்குகள் ஒரே சமயத்தில் வயலைக் காயவிடுவதால் பூச்சிகளும் தங்க இடமின்றி அழிகின்றன. 1970களில் அரசு புதிய நெல் வகைகளைக் கொடுத்து, இடைவிடாமல் பயிரிடச் சொன்னபோது, இந்த ஒழுங்கு குலைந்து புகையான் பூச்சி பெருகியது. 2012இல் யுனெஸ்கோ சுபக் நிலப்பரப்பை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இந்த ஏற்பாட்டில் ஒருவர் நிலத்தை விற்றால் பாதிப்பு அவரோடு நிற்பதில்லை. மேட்டு வயலில் நீச்சல் குளத்துடன் ஒரு தங்கும் விடுதி எழுந்தால், அதன் சுவர் வாய்க்காலை மறிக்கிறது. அடுத்த வயல்காரருக்குத் தண்ணீர் குறைகிறது. விடுதிகளால் நிலமதிப்பு உயர, நிலவரியும் உயர்ந்து, உழுது அதைக் கட்ட முடியாமல் அவரும் விற்கிறார். உழவர்கள் குறையக் குறையத் தண்ணீர்க் கோயில் திருவிழாவுக்குப் படையல் கொண்டுவரும் குடும்பங்களும் குறைகின்றன. அந்தத் திருவிழா இல்லையேல், அதில் ஆடப்படும் ‘வாலி’ நடனங்களுக்கு இடம் ஏது? நடனத்தைப் பட்டியலிட்டுக் காத்தவர்களால் நிலத்தை அதே உறுதியோடு காக்க முடியாமல் போனதே என் வருத்தம். தென்னை மரத்துக்கு மேல், அதாவது 15 மீட்டருக்கு மேல், கட்டடம் எழும்பக்கூடாது என்ற விதி அங்கே நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் அது உயரத்தைக் கட்டுப்படுத்துகிறதே தவிர, வயல்மேல் பரவுவதைத் தடுப்பதில்லை.

2019இல் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வந்த தீவில், சுமார் 43 லட்சம் மக்களே வாழ்கிறார்கள். பெருந்தொற்றால் 2021இல் வெளிநாட்டவர் வருகை ஏறக்குறைய நின்றுபோனபோது, விடுதி வேலையை இழந்த பலர் வயலுக்குத் திரும்பினார்கள். நூசா லெம்போங்கான் தீவில் கைவிட்டிருந்த கடற்பாசி வளர்ப்பை மீண்டும் தொடங்கினார்கள். நிலத்தையும் தொழிலையும் முற்றாகக் கைவிடாதவர்களுக்குத்தான் அந்த வழி திறந்திருந்தது.

கேள்வி: குடும்பத்துடன் பாலிக்குப் போகவிருக்கிறோம். எதை முக்கியமாகக் கவனிக்கவேண்டும்? (வாசகி, சென்னை)

14.2.2024 முதல் வெளிநாட்டுப் பயணிகள் ஒவ்வொருவரும் 1,50,000 ரூப்பியா, நம் பணத்தில் ஏறத்தாழ 800 ரூபாய், கட்டணம் செலுத்தவேண்டும். பண்பாட்டையும் சுற்றுச்சூழலையும் காப்பதற்கான பணம் என்பதால், தட்டிக்கழிக்காமல் முன்கூட்டியே இணையத்தில் கட்டிவிடுங்கள். கோயிலுக்குள் செல்ல இடுப்பு வேட்டியும் கச்சும் கட்டவேண்டும். இந்துக்கள் என்று சொன்னால் உள்ளே விடுவார்கள் என்று எண்ணி, வழிபாடு நடக்கும் உட்பிராகாரத்தில் நுழைய முயலாதீர்கள். ஊரார் அழைத்தால் மட்டும் செல்லுங்கள். வாசல்களிலும் நடைபாதைகளிலும் தென்னங்குருத்துத் தட்டில் பூவும் ஊதுவத்தியும் வைத்திருப்பார்கள். பிள்ளைகள் அதைத் தாண்டவோ மிதிக்கவோ விடாதீர்கள்.

மார்ச் மாதத்தை ஒட்டிப் போவதானால், சக ஆண்டுப் பிறப்பான ‘ஞெப்பி’ எந்த நாளில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்று காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை விளக்கும் வேலையும் பயணமும் கேளிக்கையும் இல்லை. விமான நிலையமே மூடப்படும். பயணிகளும் விடுதியை விட்டு வெளியே வரக்கூடாது. பணம் கொடுக்கும் விருந்தினருக்காக அந்த மக்கள் விட்டுக்கொடுக்காத நாள் அது; முடிந்தால் அந்த நாளுக்கே சென்று இருங்கள். தங்குவதற்கு, வயலை அழித்து எழுந்த புதிய விடுதியைத் தவிர்த்து, ஊருக்குள் குடும்பங்கள் தங்கள் வளவிலேயே நடத்தும் சிறு விடுதிகளைத் தேடுங்கள். ஜாதிலுவிஹ் என்ற ஊரின் நெல்வயல்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. அங்கே வரப்பில் நடக்கும்போது நாற்றை மிதிக்காமல், வாய்க்கால் மடைகளில் கைவைக்காமல் நடந்தால் போதும்.