ஆர்சி புத்தகத்தில் பஸ், உள்ளே வீடு

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறேன், பணி ஓய்வு பெற்றவன். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஓசூரில் இருக்கும் நண்பரிடம் 2009 மாடல் வண்டி ஒன்றை 9 லட்சத்துக்கு வாங்கினேன். ஒரு கம்பெனிக்கு ஊழியர் பஸ்ஸாக ஓடிய வண்டி. நண்பர் அதை வாங்கி உள்ளே கட்டில், சமையல் மேடை, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக மாற்றியிருந்தார். ஆர்சி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது, அதில் 'தனியார் சேவை வாகனம், 32 இருக்கை' என்றே உள்ளது. எஃப்சி (தகுதிச் சான்று) முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. நான்தான் ஓட்டுகிறேன், கார் லைசென்ஸ் இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் சரியாகப் பிடிக்காததால் ஒரு பட்டறையில் விட்டேன். முதலில் 90 ஆயிரம் என்றார்கள். ஏழு மாதம் கழித்து, நிறுத்தி வைத்த வாடகையும் சேர்த்து 2 லட்சத்து 60 ஆயிரம் கேட்கிறார்கள். வண்டியை எப்படி மீட்பது? எஸ்டேட் வைத்திருக்கும் உறவினர் ஒருவர் அதைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்கிறார், விடலாமா?

பதில்: ஐயா, பட்டறை விஷயத்துக்கு வழி இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பதறியது வேறொன்றுக்கு. இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள மலைப்பாதையில், எஃப்சி இல்லாத, வேறொருவர் பெயரில் உள்ள பஸ்ஸை, கார் லைசென்ஸோடு ஒரு வருஷத்துக்கும் மேலாக ஏற்றி இறக்கியிருக்கிறீர்கள். அடிவாரத்தில் நின்றால் சில கனரக வண்டிகள் இறங்கி வரும்போது பிரேக் லைனிங் கருகும் வாடை மூக்கில் ஏறும். உங்கள் வண்டியில் 300 லிட்டர் தொட்டி நிரம்பியிருந்தால் அதுவே 300 கிலோ. அன்று எதிரே ஒரு பைக் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, தனியார் சேவை வாகனத்தைப் போக்குவரத்து வாகனம் என்கிறது. அப்படிப்பட்ட வண்டிக்கு எஃப்சி இல்லையென்றால், அது முறையாகப் பதிவான வண்டியாகவே கருதப்படாது என்று 56-வது பிரிவு சொல்கிறது. எட்டு வருஷத்துக்கு மேற்பட்ட போக்குவரத்து வாகனத்துக்கு எஃப்சி ஒவ்வொரு வருஷமும் எடுக்க வேண்டும்.

அடுத்தது லைசென்ஸ். ஆர்சியில் மொத்த எடை எவ்வளவு என்று பாருங்கள். இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையிலான போக்குவரத்து வாகனத்தை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. 32 இருக்கை பஸ் பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டிவிடும். தாண்டியிருந்தால் கனரக லைசென்ஸ் உள்ள டிரைவர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நீங்களே எடுங்கள். உரிய லைசென்ஸ் இல்லாமல் விபத்து நடந்தால், பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை வண்டிக்காரரிடம் வசூலிக்கும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுவது வழக்கம். ஒரு மரண வழக்கு என்றால் அம்மாபேட்டை வீட்டின் மேலேயே கை வைக்க நேரிடும்.

இதில் உங்கள் நண்பரும் மாட்டிக்கொண்டிருக்கிறார். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு, வண்டியை விற்றுவிட்டேன் என்று தப்ப முடியாது என்று நவீன் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பெயர் மாற்றக் கையெழுத்துக்கு இழுத்தடிக்க மாட்டார்.

இனி நீங்கள் கேட்காத முக்கியமான கேள்வி: அந்த வண்டி சட்டப்படி என்ன? நாம் கட்டிலைப் போட்டதால் அது வீடாகிவிடாது. புத்தகத்தில் பஸ் என்று இருக்கும்வரை அது பஸ்தான். பதிவு விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதற்கு 52-வது பிரிவு தடை போடுகிறது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது அதே சட்டத்தின் 182ஏ பிரிவு. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனுக்கு, அதாவது உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டிக்கு, போக்குவரத்து அல்லாத வாகனம் என்று தனி வகை இருக்கிறது. நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். கிடைத்துவிடும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். தயாரிப்பாளரின் மூல வடிவத்துக்கு மாறான மாற்றங்களை அனுமதிக்கக் கூடாது என்று ஜெயச்சந்திரா வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு ஆர்டிஓ அலுவலகங்கள் ரொம்பவே தயங்குகின்றன. சேசிஸ் (அடிச்சட்டம்), வீல் பேஸ் (முன், பின் சக்கர இடைவெளி), எஞ்சின் மூன்றையும் தொடவில்லை, உள்பக்கம் மட்டும்தான் மாறியிருக்கிறது என்றால் உங்கள் வாதத்துக்கு வலு உண்டு. பின்பக்கம் நீட்டியிருந்தால் சிக்கல். மோட்டார் காரவன் எனப்படும் இந்த மாதிரி வீட்டு வண்டிகளுக்கென்றே ஏஐஎஸ்-124 என்ற தரநிலை இருக்கிறது. வண்டியின் வரைபடம், எடைச்சீட்டு, உள்புறப் படங்களோடு ஆர்டிஓவிடம் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பித்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அதுவரை பெயிண்ட், சோபா என்று இன்னும் பணம் போடாதீர்கள்.

15 வருஷம் தாண்டிவிட்டதே, உடைக்கச் சொல்வார்களோ என்று பயப்பட வேண்டாம். 2023 ஏப்ரலில் வந்த கட்டாயம் அரசு வாகனங்களுக்குத்தான். தனியார் வண்டி தகுதித் தேர்வில் தேறினால் ஓடலாம். போக்குவரத்து அல்லாத வகைக்கு மாறினால் பதிவை ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும்.

தகுதித் தேர்வுக்கு முன் டயரைக் குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ன் 23-வது வாரம் தயாரானது. நின்றே கிடக்கும் வண்டியில் டயரின் பட்டை தேயாமல் புதுசு மாதிரி இருக்கும், பக்கவாட்டில் மட்டும் முடி மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும். அதை நம்பி மலை ஏறக் கூடாது. அப்புறம் கேஸ் சிலிண்டர். 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்த சுற்றுலாப் பெட்டிக்குள் சிலிண்டர் வைத்துச் சமைத்ததில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். உங்கள் சமையல் மேடைக்குக் கீழே வீட்டு சிலிண்டர் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள், இன்டக்‌ஷன் அடுப்பு போதும்.

சரி, பட்டறை. வேலை செய்தவர் தன் கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்கலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு சொல்கிறது. ஆகவே பூட்டை உடைத்து எடுத்து வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆனால் அந்த உரிமை செய்த வேலைக்கான கூலிக்கு மட்டும்தான். கூலிக்காகத் தானே பிடித்து வைத்துக்கொண்டு, வைத்திருந்ததற்கு வாடகை கேட்பது, முன்பே பேசி ஒப்புக்கொள்ளாதவரை செல்லாது. 90 ஆயிரத்துக்கு மேல் செய்த வேலைக்கு உங்களைக் கேட்டார்களா, வாட்ஸ்அப்பில் 'செய்யுங்கள்' என்று நீங்கள் எழுதினீர்களா என்று பழைய செய்திகளை எல்லாம் புரட்டிப் பாருங்கள். வழக்கு அங்கேதான் நிற்கும்.

முதலில் ஐட்டம் வாரியாகப் பில், கழற்றிய பழைய லைனிங், ஹோஸ் எல்லாவற்றையும் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒப்புக்கொண்ட 90 ஆயிரத்தை உடனே கட்டத் தயார் என்று அதிலேயே எழுத வேண்டும். 15 நாளில் அசையவில்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. குறை தெரிந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். வழக்கு முடியும்வரை காத்திராமல், பணத்தை ஆணையத்தில் கட்டிவிட்டு வண்டியை விடுவிக்க இடைக்கால உத்தரவும் கேட்கலாம். இழுபறி வேண்டாமென்றால் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, வழக்குக்கு முந்தைய சமரசத்துக்குப் பட்டறைக்காரரை அழைக்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் இந்த மாதிரித் தகராறு பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

வாடகைக்கு விடுவது இப்போது வேண்டவே வேண்டாம். வாடகை வாங்கினால் சொந்த உபயோகம் என்ற வகை போய்விடும், பர்மிட், வரி, இன்சூரன்ஸ் எல்லாமே வேறாகிவிடும். உறவினரிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

பட்டறையில் வண்டியை விட்டதும் ஓட்டிக்கொண்டு வராமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றி வாருங்கள். அதற்கு முன்பாக, இந்த வாரமே ஓசூர் போய், ஆர்சி பெயர் மாற்றத்துக்கான படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, இரண்டிலும் நண்பரிடம் கையெழுத்து வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள். வண்டி உள்ளே வீடாக மாறியிருப்பதை அந்தக் கடிதத்தில் மறைக்காமல் சொல்லுங்கள்.