சம்பளச் சீட்டில் இருக்கும் ‘க்ரோஸ்’தான் அருவருப்புக்குமா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் எதைப் பார்த்தாலும் ‘தட்ஸ் கிராஸ்’ என்று முகம் சுளிக்கிறாள். என் சம்பளச் சீட்டிலும் கிராஸ் என்று ஒரு தொகை இருக்கிறது. இரண்டும் ஒரே சொல்லா? அலுவலகக் கழிப்பறை பற்றிப் புகார் எழுத இந்தச் சொல் சரிப்படுமா?

பதில்: ‘gross’ என்ற ஒரே சொல்தான். முதலில் உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். கிராஸ் என்றால் கேட்பவர் குறுக்கே கடப்பதையோ புல்லையோ நினைத்துக்கொள்வார். ‘க்ரோஸ்’ என்று ஓகாரம் போட்டுச் சொல்ல வேண்டும்.

லத்தீனில் தடித்தது, பருத்தது என்று பொருள்பட்ட சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பருமன் என்பதிலிருந்து பிடித்தம் எதுவும் போகாத முழுத்தொகை என்ற பொருள் கிளைத்தது; உங்கள் சம்பளச் சீட்டில் இருப்பது அது. 144 உருப்படிகளை, அதாவது 12 டஜனை, ஒரு க்ரோஸ் என்பதும் இந்த வழியில் வந்ததே. சட்டத்தில் ‘க்ரோஸ் நெக்லிஜென்ஸ்’ என்றால் சாதாரணக் கவனக்குறைவைத் தாண்டிய மிகக் கடுமையான அலட்சியம். இன்னொரு கிளையில் தடித்தது முரடாகி, முரடு நாகரிகமற்றதாகியது. அதைப் பிடித்துக்கொண்டு 1950களின் இறுதியில் அமெரிக்க மாணவர்கள் அருவருப்புக்கு இதைச் சொல்லத் தொடங்கினார்கள். உங்கள் மகள் பேசுவது அந்த வழக்கு.

குளியலறை வடிகாலில் அடைத்த முடிக்கற்றையை விரலால் இழுக்கும்போது, கொழகொழவென்று அழுக்கும் சேர்ந்து வருமே, அப்போது வாயில் வரும் ‘உவ்வே’க்கு இது சரியான ஈடு. ‘யக்’ (yuck), ‘ஈயூ’ (ew) இரண்டும் வெறும் ஒலிக்குறிப்புகள். க்ரோஸ் பெயரடை என்பதால் வாக்கியத்துக்குள் உட்காரும். இங்கே ஒரு வழுக்கல் உண்டு. ‘ஐ ஆம் க்ரோஸ்’ என்றால் நானே அருவருப்பானவன் என்றாகிவிடும். எனக்குக் குமட்டுகிறது என்பதற்கு ‘ஐ ஆம் க்ரோஸ்ட் அவுட்’. ‘டிஸ்கஸ்டிங்’, ‘டிஸ்கஸ்டட்’ இரண்டுக்கும் இதே வேறுபாடுதான். முன்னது அருவருப்பூட்டுவது, பின்னது அருவருப்பு அடைந்தவர்.

‘டிஸ்கஸ்டிங்’ இன்னும் கனமான சொல். ஏமாற்று, கொடுமை போன்ற ஒழுக்கக் கேட்டைக் கண்டிக்க அது பொருந்தும். க்ரோஸ் பெரும்பாலும் கண்ணுக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் பிடிக்காததோடு நின்றுவிடும்.

புகார்க் கடிதத்தில் க்ரோஸ் வேண்டவே வேண்டாம், அது பேச்சு வழக்கு. ‘அன்ஹைஜீனிக்’ என்று எழுதுங்கள். அதைவிட மேல், தண்ணீர் வரவில்லை, தரை கழுவி இரண்டு நாளாயிற்று என்று நடந்ததை அப்படியே எழுதுவது. மகளைத் தோழிகளிடம் இப்படிப் பேசவேண்டாம் என்று தடுக்கத் தேவையில்லை. ஆனால் இன்னொருவர் ஆசையாகச் சாப்பிடும் உணவையோ ஒருவரின் உடலையோ பார்த்து இதைச் சொன்னால் கேட்பவருக்கு நன்றாகவே வலிக்கும். அதை மட்டும் அவளிடம் சொல்லிவையுங்கள்.